திருமலை கட்டிய கொடி

நெட்டுக்குப்பத்தில் திருமலைக்குக் கோபம் வந்தால் அது எண்ணூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அது மட்டும் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில், கோயில் மைதானத்துக் கொடிக்கம்பத்தின் கீழே நின்று, ஒரே ஒரு தடவை தன் கையால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். சிரிக்க வேண்டாம். மனுஷனுக்கு ஆசை எங்கிருந்து வரும், எந்த அளவில் வரும் என்று யார் கண்டது?

அந்த ஆசையில் நியாயமும் இருந்தது. அந்தக் கம்பமே அவர் கொண்டுவந்ததுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பைப் பைப்பாகத் தட்டிப் பார்த்தார். "இன்னா பெர்சு, பைப்பு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கடைக்காரன் கேட்கும்வரை தட்டினார். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீன்பாடி வண்டியில் ஏற்றி, வாலில் சிவப்புத் துணி கட்டி, அவருடைய தோஸ்து பொன்ராஜ் மிதிக்க, இவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, வழியெல்லாம் கன்டெய்னர் லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். குழி தோண்டி நட்டது அவர். உச்சியில் இருக்கும் கப்பி அவருடைய பழைய படகிலிருந்து கழற்றியது. உப்புக்காற்றில் துருவேறும் கம்பத்தை வருஷா வருஷம் சுரண்டி வெள்ளையடிப்பதும் அவர்தான். இத்தனையும் செய்துவிட்டு, கொடியேற்றும் நேரத்தில் கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரோ ஒருவர் காரில் வந்து இறங்கிக் கயிற்றை இழுத்துவிட்டுப் போவார்.

"கம்பம் என்னுது, கப்பி என்னுது, கயிறு என்னுது. இஸ்கறதுக்கு ஒண்டி எவனோ வர்றான்" என்று ஒரு தடவை வீட்டில் முணுமுணுத்தார்.

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி பச்சையம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆசையா கீதுன்னா ஆசையா கீதுன்னு சொல்லேன்யா. அதுக்கு ஏன் கம்பத்த வெச்சித் திட்டுற?" என்றாள்.

"எனக்கு இன்னாத்துக்கு ஆசை? சொம்மா சொன்னேன்" என்று அவர் வெளியே போய்விட்டார்.

கார்க்காரர்கள் வருவது நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வருஷம் சிறப்பு விருந்தினர் ஒருவர் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உச்சி வெயிலில் வந்து இறங்கினார். பிள்ளைகள் காய்ந்து கருவாடாகிவிட்டார்கள். ஆரஞ்சு மிட்டாயெல்லாம் டப்பாவிலேயே இளகி ஒட்டிக்கொண்டது. வந்தவர் மைக்கைப் பிடித்து வேறு ஏதோ ஒரு குப்பத்தின் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு கட்டிவிட்டார்கள். இனிமேல் வெளியாள் வேண்டாம். ஆற்றில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கித்தானே முடிவு செய்கிறோம், கொடிக்கும் அப்படியே குலுக்கிவிடலாம். எந்தப் படகின் நம்பர் வருகிறதோ அந்தப் படகின் சொந்தக்காரர் கொடியேற்றட்டும்.

அதிலிருந்து ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும், அந்தப் பந்தலைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழேயே குலுக்கல் நடக்கும். காகிதச் சீட்டு கிடையாது. வலையில் கோக்கும் மிதவைகளில் படகு நம்பரை எழுதி, நண்டுக்கூடையில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னக் குழந்தையைக் கையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். திருமலை ஒவ்வொரு வருஷமும் முதல் வரிசையில் போய் உட்காருவார். ஒவ்வொரு வருஷமும் வேறு யாருக்காவது வரும். பொன்ராஜுக்குக்கூட வந்துவிட்டது. அதற்கப்புறம் பொன்ராஜ், "நான் கொடி ஏத்துன அன்னிக்கு" என்று ஆரம்பிக்காமல் எந்தப் பேச்சும் பேசியதில்லை. இறால் விலையைப் பற்றிக் கேட்டாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். திருமலைக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. ஆனாலும் ஒரு தடவைகூடப் பாதியில் எழுந்து போனதில்லை.

இந்த வருஷம் குழந்தை கையை விட்டு எடுத்த மிதவையை இளைஞர் சங்கச் செயலாளர் பாரி வாங்கி மைக்கில் படித்தான். நம்பரைப் பாதி சொல்வதற்குள்ளேயே திருமலை துள்ளி எழுந்துவிட்டார். "அட்ரா சக்க! நம்ம போட்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மிதவையை எடுத்த குழந்தை அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கிச் சமாதானம் செய்து, பொன்ராஜைக் கட்டிப்பிடித்து, பந்தல் காலைக்கூட ஒரு சுற்று சுற்றி வந்தார்.

அடுத்த சில நாட்களுக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினார். சலூனில் போய் முகத்தைக் காட்டி, "கொடி ஏத்துற மூஞ்சி, பாத்து பண்ணு" என்றார். வீட்டு உத்தரத்தில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, நின்று நிமிர்ந்து இழுத்துப் பார்த்தார். எந்தக் கையை மேலே வைப்பது, எந்தக் கையைக் கீழே வைப்பது என்று அவருக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. பச்சையம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே மீன் விற்கப் போனாள், வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதில் ஏதோ இருக்கிறது என்று இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பேனர் அடிக்கப் போட்டோ வாங்குவதற்காகப் பாரி வீட்டுக்கு வந்தான். திருமலை தயாராக வைத்திருந்த போட்டோவை எடுத்து நீட்டினார். பாரி அதை வாங்காமல் தலையைச் சொறிந்தான்.

"இல்ல மாமா... அத்தை போட்டோதான வேணும்?"

"அத்தை போட்டோ இன்னாத்துக்கு?"

"போட்டு அத்தை பேர்லதான கீது."

திருமலை சிரித்துவிட்டார். "அட லூசு. அது சொம்மா ஆசைக்குப் பெயிண்ட்ல எழுதனதுடா. போட்டுக்கு அவ பேரு. போட்டுக்காரன் நானு."

அப்போதுதான் பச்சையம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "பெயிண்ட்ல ஒண்டியா கீது? ஏன்யா, போட்டு வாங்குன அன்னிக்கு அத்தப் பதிய மீன்வளத்துறை ஆபீஸுக்குப் போவணும்னு நான் புதுப் பொடவை கட்டிகினு நிக்கறேன். நீ இன்னா பண்ண?"

திருமலைக்கு மெதுவாக நினைவு வந்தது. அன்றைக்குக் காலையில் வெள்ளை இறால் மந்தை மந்தையாக வந்திருக்கிறது என்று கரையில் ஒரே கூச்சல். ஆபீஸாவது ஒன்றாவது என்று திருமலை பொன்ராஜின் படகில் தாவி ஏறிவிட்டார். ஏறும்போது திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னா சொன்ன? சொல்லு, பாரிக்குச் சொல்லு."

"உன் பேர்லயே போட்டுக்கோ மேன்னு சொன்னேன்" என்றார் திருமலை, ரொம்பச் சின்னக் குரலில்.

"ஆங். போட்டுகினேன்."

பாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அங்கே சிரித்தால் அடி விழும் என்பதும் தெரிந்தது. "ரூல்னா ரூல்தான் மாமா. ஆனா அத்தை வுட்டுக்குடுத்தா..." என்று இழுத்தான்.

"நான் ஏன் வுட்டுக்குடுக்கணும்?" என்றாள் பச்சையம்மா. "எனக்கும் எம்மா நாளா ஆசை கீது தெரியுமா? நான் கம்பத்தத் திட்டல, அவ்ளோதான்."

பெட்டியைத் திறந்து தன் போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் தயாராகத்தான் இருந்தது.

திருமலை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த தன் படகில் போய் உட்கார்ந்துகொண்டார். தன் படகு என்று சொல்லவும் இப்போது வாய் வரவில்லை. பொன்ராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வுடு மாமு. நான் கொடி ஏத்துன அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர், திருமலை பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இவர்கள் குடித்தனத்தைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விடியுமுன் திருமலை கடலுக்குப் போவார். பிடித்த மீனைப் பெட்டியில் போட்டு, மேலே ஒரு துண்டு வலையை விரித்து, கயிற்றால் வாயைக் கட்டுவார். முகத்துவாரத்தில் அலை புரட்டிப் போட்டாலும் பெட்டியிலிருந்து ஒரு இறால் வெளியே வராது, அப்படி ஒரு கட்டு. கரைக்கு வந்ததும் அதை அவிழ்ப்பது பச்சையம்மாவின் வேலை. மற்றவர்கள் அவிழ்க்கப் போனால் விரல் நகம் போகும், கடைசியில் கத்தியைத் தேடுவார்கள். பச்சையம்மா வியாபாரியோடு விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டே, கட்டைப் பார்க்காமலேயே, ஒரு உலுக்கு உலுக்குவாள். அவிழ்ந்துவிடும். அவர் கட்டுவதும் அவள் அவிழ்ப்பதுமாகத்தான் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்து, கல்யாணமாகி, ஒன்று ராயபுரத்திலும் ஒன்று திருவொற்றியூரிலும் இருக்கின்றன.

கோபம் தீராமல் வீட்டுக்குத் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பச்சையம்மா, உத்தரத்தில் அவர் தொங்கவிட்ட கயிற்றின் கீழே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, முதுகை நிமிர்த்தி, கயிற்றை மெல்ல இழுத்தாள். மேலே பார்த்தாள். அங்கே உத்தரமும் ஒட்டடையும்தான் இருந்தன. அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நெற்றியில் கையை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சல்யூட் அடித்தாள்.

திருமலைக்கு வெட்கமாகிவிட்டது. வெயிலிலும் மழையிலும் கூடையைச் சுமந்த தலை அது. அந்தத் தலைக்குள் இப்படி ஓர் ஆசை உட்கார்ந்திருந்ததை ஒரு நாளாவது கேட்டோமா என்று நினைத்தார். சத்தம் போடாமல் திரும்பி நடந்து, பொன்ராஜ் வீட்டில் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் பாரி மறுபடியும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். வழக்கமாகக் கொடியை மடித்துக் கட்டித் தருகிற டிரில் வாத்தியார் புழல் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். "கட்டறதுக்கு ஆளில்ல மாமா. முடிச்சுன்னா இந்தக் குப்பத்துல உன்ன வுட்டா யாரு?"

"ஏன், போட்டுக்காரம்மாவையே கட்டச் சொல்லு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அதில் காரம் இல்லை. "சரி, கொண்டா. சோக்கா கட்டிடலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் காற்று வலுத்தது. பந்தல் ஓலை படபடத்தது. பொன்ராஜ் வானத்தைப் பார்த்து, "காத்தப் பாத்தியா மாமு? எங்கியோ ஒரு ஊர்ல கொடி பாதி தூரம் போறப்பவே அவுந்து, பூவெல்லாம் வழிலயே கொட்டிப்போச்சாம். ஏத்துன ஆளுக்கு ஒரே அசிங்கமாப்பூட்சி" என்று கொளுத்திப் போட்டார். திருமலையும் வானத்தைப் பார்த்தார். பச்சையம்மா இழுக்கும் கொடி பாதியில் அவிழ்ந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அப்புறம் அவர் மனதில் இருந்தது.

பதினைந்தாம் தேதி காலையில் குப்பமே புதுசாக இருந்தது. கரையில் நின்ற அத்தனை படகுகளிலும் சின்னச் சின்னக் கொடிகள் காற்றில் துடித்தன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எப்போதும்போலப் புகைத்துக்கொண்டு நின்றன, அவற்றுக்கு ஏது லீவு. ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே அலற ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் அண்டாவில் பொங்கல், ஒரு பக்கம் சுண்டல். பிள்ளைகள் ஸ்லோ சைக்கிள் போட்டிக்குக் கோடு கிழித்துவிட்டு அதிலேயே சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல் முகப்பில் பேனர். நடுவில் பச்சையம்மா கையைக் கூப்பிக்கொண்டு பெரிதாகச் சிரித்தாள். கீழே ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் திருமலையின் முகம், அதன் பக்கத்தில் "கொடி கட்டுபவர்" என்று எழுத்து. பாரி ஏதோ பரிகாரம் செய்வதாக நினைத்துப் போட்டிருந்தான். பார்த்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருமலையும் சிரித்தார், கொஞ்சம்.

கோயில் மேடையில் துணி விரித்து, அதன்மேல் கொடியை விரித்து, ரோஜா இதழும் சாமந்தியும் தூவி மடித்தார். அவ்வளவு பக்குவமாக அவர் தன் பிள்ளைகளைக்கூடத் தூக்கியதில்லை. கட்டும்போது ஸ்பீக்கர் காதில் அலறியது, பொன்ராஜ் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், காற்று கொடியின் ஓரத்தைப் பிடுங்கியது. அவர் கண் காற்றின்மேல் இருந்தது. கை தன் வேலையைச் செய்து முடித்தது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "இப்ப வரட்டும் காத்து" என்றார்.

பச்சையம்மா மாம்பழ மஞ்சளில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மார்க்கெட்டில் அவளுக்குப் பக்கத்துக் கடைபோடும் ராமசெல்வி அவள் தலையில் வைத்துவிட்டிருந்த கனகாம்பரத்தின் கனத்தில் கழுத்தைத் திருப்பவே யோசிக்க வேண்டியிருந்தது. கம்பத்தடியில் வந்து செருப்பைக் கழற்றினாள். கம்பத்தில் இரண்டு கயிறு. ஒன்றை இழுத்தால் பொட்டலம் மேலே போகும். உச்சிக்குப் போனதும் மற்றதை வெடுக்கென்று இழுத்தால் கட்டு அவிழ்ந்து கொடி விரியும். முதல் கயிற்றை இழுத்தாள். திருமலையின் கப்பி கிறீச்சிட்டது. பொட்டலம் காற்றில் ஆடி ஆடி, அவிழாமல், உச்சிக்குப் போய் நின்றது. திருமலை மூச்சு விட்டார்.

"இப்பொழுது நம் தேசியக் கொடி விரிகிறது!" என்று பாரி மைக்கில் முழங்கினான்.

பச்சையம்மா இரண்டாவது கயிற்றை இழுத்தாள். விரியவில்லை.

"இப்பொழுது விரியப் போகிறது!" என்றான் பாரி.

இன்னும் பலமாக இழுத்தாள். பொட்டலம் இன்னும் சின்னதாயிற்று. திருமலை தன் விரல்களைப் பார்த்தார். சுரீரென்று உறைத்தது. ஒரு வாலை இழுத்தால் அவிழ்கிற மாதிரி வாத்தியார் போடும் கட்டு இல்லை அது. மீன் பெட்டிக் கட்டு. இழுக்க இழுக்க இறுகும். தன் கை, தினம் விடியற்காலையில் போடுவதை, யாரையும் கேட்காமல் போட்டுவிட்டது.

"சேந்து இஸ்துப் பாக்கலாம் அத்த" என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "பொண்டாட்டி ஏத்துறாளேன்னு கடுப்பு, வேணும்னே கட்டிகீறான்யா" என்றது. இன்னொரு குரல் அதற்குச் சிரித்தது. ராமசெல்வி நேராகவே திரும்பி, "இன்னா மாமா, இப்டிப் பண்ட்டியே" என்று கேட்டுவிட்டாள். அவள் கண்ணில் நீர்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். எண்ணூர் ஸ்டேஷன் வரை கேட்கும் அந்தக் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், தாங்கிக்கொள்ளலாம். அவள் அப்படி நினைத்துவிட்டால்? ஒட்டடையைப் பார்த்துச் சிரித்துச் சல்யூட் அடித்தவள். புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பச்சையம்மா நெற்றியில் கையை வைத்து உச்சியைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கட்டையே பார்த்தாள். பிறகு கனகாம்பரத்தோடு மெல்லக் கழுத்தைத் திருப்பி, கூட்டத்தின் கடைசியில் நின்ற அவரைத் தேடிப் பிடித்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் உதடு கோணியது. சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எல்லாரும் தள்ளுங்க. யாரும் இஸ்காதீங்க" என்றாள்.

கயிற்றை இழுக்கவில்லை. தளர விட்டாள். நன்றாகத் தொங்கும்படி விட்டு, கரையில் மீன் பெட்டிக்குச் செய்வதுபோலவே ஒரு உலுக்கு உலுக்கினாள். கயிற்றில் ஓர் அலை கிளம்பி நெளிந்து நெளிந்து மேலே போனது. இன்னொரு உலுக்கு. கட்டு நெகிழ்ந்தது. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. படாரென்று கொடி விரிந்தது. ரோஜாவும் சாமந்தியும் அவள் தலையில், பாரியின் மைக்கில், பொங்கல் அண்டாவில், பாதி குப்பத்தின்மேல் கொட்டின. ஊர் போட்ட கூச்சலில் கரையிலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்துவிட, பாரி அவர்களை அடக்கித் தேசிய கீதம் பாடவைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாட்டு முடியும்வரை கயிற்றைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்ற பச்சையம்மா, பாரியை மைக்கைத் தன் வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னாள்.

"என் வூட்டுக்காரர யாரும் தப்பாப் பேசக் கூடாது, சொல்லிட்டேன். இது மீன் பொட்டிக்குப் போடுற கட்டு. போட்டு கவுந்தாலும் இது அவுராது. நாட்டுக் கொடி நடுவுல அவுந்துடக் கூடாதேன்னு பயந்துகினு போட்டுகீறாரு. இஸ்தா இறுகும், வுட்டா அவுரும். கட்ன ஆளும் அப்டித்தான். நான் அவர எம்மா நாளா அவுத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

ஊர் மொத்தமும் சிரித்தது. வேணும்னே கட்டினான் என்று சொன்ன குரலும் சேர்ந்து சிரித்தது. ராமசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கயிற்றின் நுனியைக் கம்பத்தில் கட்ட வேண்டும். பாரி கையை நீட்டினான். "நீ தள்ளு" என்றாள் பச்சையம்மா. "யோவ், இங்க வா. இத்த நீதான் கட்டணும். இது அவுரவே கூடாது."

கூட்டம் விலகி வழி விட்டது. புதுச் சட்டையோடு திருமலை நடந்து வந்தார். அவள் கயிற்றை அவர் கையில் வைத்தாள். மேலே காற்று கொடியைப் பிடித்து இழுத்தது, பெரிய மீன் மாட்டிய மாதிரி கயிறு அவர் உள்ளங்கையில் துடித்தது. இத்தனை வருஷம் நினைத்துப் பார்த்ததைவிட அது கனமாக இருந்தது. அவர் உடனே கட்டவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார், அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

"இன்னா, கட்ட மனசு வரலியா?" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிறபடி.

"காத்து மே" என்றார்.

அப்புறம் கட்டினார். அதே கட்டு.

பந்தலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள். பொங்கலில் அங்கங்கே ரோஜா இதழ் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பொன்ராஜ் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, "நான் கொடி ஏத்துன அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இரு மாமு" என்றார் திருமலை. குரல் திரும்ப வந்துவிட்டிருந்தது. எண்ணூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும். "நாங்க கொடி ஏத்துன அன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா?"